அம்மா விரல் மடக்கிச் சொன்ன கணக்கு

நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். ஆண்களும் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் வரலாறு படித்தவள். நலம் விசாரித்து முடித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "டீச்சர், பாப்பாவுக்கு எட்டு மாசம் ஆச்சு. எனக்கு இன்னும் தூரம் வரல. மாமியார் 'வரலைன்னா நல்லதுதானே'ங்காங்க. எங்க அம்மா பயப்படுறாங்க. இது சரியா டீச்சர்?"

"நான் வரலாற்று டீச்சர் தாயி, டாக்டர் இல்ல" என்றேன்.

"அதனாலதான் கேக்கேன் டீச்சர். டாக்டர்கிட்ட போனா மாத்திரை தருவாங்க. முன்னாடி எல்லாம் எப்படி இருந்துச்சுன்னு நீங்கதான சொல்வீங்க."

நாளைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போ, முதலில் சிறுநீர்ப் பரிசோதனை செய், முன்னாடி எப்படி இருந்தது என்பதை நான் எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். 30 வருஷத்துக்கு மேல் பாண்டியர் காலம், பானிபட் யுத்தம் எல்லாம் நடத்தியவள் நான். கழுகுமலை மலையைக் காட்டி, சமணக் கல்வெட்டுகளில் குரத்திகள் என்ற பெண் துறவியர் பெயர்கள் இருக்கின்றன என்று பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை பெற்ற பெண்ணின் உடம்புக்கு என்ன ஆயிற்று என்பதை எந்தக் கல்லிலும் வெட்டவில்லை. அதனால் அந்த வரலாற்றை என் அம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

1982-ல் எனக்கு முதல் பிள்ளை. அரசுப் பள்ளி ஆசிரியைக்கு அன்று பேறுகால விடுப்பு 90 நாள். (அது 2011-ல் 6 மாதம், 2016-ல் 9 மாதம், 2021-ல் ஒரு வருடம் என்று ஆனது. அப்போது எங்களுக்கு 90தான்.) 91-ம் நாள் பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். பகலெல்லாம் பவுடர் பால், ராத்திரிதான் தாய்ப்பால். நாலாவது மாதம் எனக்கு மாதவிலக்கு வந்துவிட்டது. அம்மாவிடம் சொன்னபோது திகைத்துப் போனார். "அதுக்குள்ளயா? எனக்கெல்லாம் பிள்ள எந்திரிச்சு நடந்த பொறவுதான் வரும்" என்றார்.

அன்றைக்குத்தான் அம்மாவிடம் இதைப் பற்றி முதன்முதலாகப் பேசினேன். 26 வயதில், அதுவும் ஒரு பிள்ளை பெற்ற பிறகு! அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் கணக்கு விரல் நுனியில் இருந்தது. 18 வருஷத்தில் 7 பேறுகாலம், 5 தங்கியது. "கல்யாணம் ஆனதுல இருந்து கடைசிப் பிள்ள வரைக்கும் நான் தூரமா உக்காந்தது ரெண்டு கையையும் நாலு தடவ மடக்குனா முடிஞ்சிரும்" என்றார். அதாவது 40. பதினெட்டு வருஷத்தில் நாற்பதே முறை.

நான் பிற்பாடு உட்கார்ந்து சரிபார்த்தேன். இரண்டு பிள்ளைகளுக்கு இடையே ஏறக்குறைய இரண்டரை வருஷம், அதாவது 30 மாதம். அதில் வயிற்றில் 9 மாதம், பால் கொடுத்து வராமல் இருந்தது 15 மாதம். மிச்சம் 6 மாதம். ஆறு இடைவெளிக்கு 36. கல்யாணத்துக்கும் முதல் பிள்ளைக்கும் நடுவே சில மாதங்கள். நாற்பது சரியாக வந்தது.

அதோடு அம்மா இன்னொன்றும் சொன்னார். இறந்துபோன இரண்டு பிள்ளைகளைப் பற்றி. "பால் குடிக்கிற பிள்ள போனா மறுமாசமே வந்திரும். மாரு கட்டிக்கிட்டு வலிக்கும். அது வத்துன உடனே இது வந்திரும்." பிள்ளை வாய் வைப்பதற்கும் மாதவிலக்குக்கும் உள்ள தொடர்பு அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்ட விதம்தான் கொடுமை.

விஞ்ஞானம் இதைத்தான் பின்னால் அளந்து சொன்னது. பிள்ளை உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் தாயின் மூளைக்குச் செய்தி போகிறது. பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் கூடுகிறது. கருமுட்டையை முதிர வைக்கும் சமிக்ஞைகள் அடங்குகின்றன. முட்டை முதிராவிட்டால் மாதவிலக்கும் இல்லை. எத்தனை முறை உறிஞ்சுகிறது, ராத்திரியிலும் உறிஞ்சுகிறதா என்பதுதான் முக்கியம். பால் கொடுக்காத தாய்க்குப் பெரும்பாலும் ஆறு முதல் எட்டு வாரத்திலேயே திரும்பிவிடும். கொடுக்கிற தாய்க்கு ஆறு மாதமும் ஆகலாம், ஒன்றரை வருஷமும் ஆகலாம். இரண்டுமே இயல்புதான்.

நம் நாட்டில் இதை அளந்தவர்கள் உண்டு. 1950-களில் பஞ்சாபில் லூதியானா பக்கம் கன்னா என்ற ஊரைச் சுற்றிய கிராமங்களில் ஓர் ஆய்வு நடந்தது. வீடு வீடாகப் போய், மாதாமாதம் விசாரித்து எழுதினார்கள். பிள்ளை பெற்ற பின் மாதவிலக்கு திரும்ப சராசரியாக 11 மாதம் ஆனது. நம் பக்கத்தில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடத்தில் சேலத்துக்காரர் டாக்டர் சி. கோபாலன் ஏழைத் தாய்மாரின் பாலைப் பற்றி ஆராய்ந்தார். அந்தக் கூடம் 1958-ல் ஐதராபாத்துக்குப் போய்விட்டது. 1972-ல் அவரும் நாயுடுவும் சேர்ந்து லான்செட் இதழில் எழுதிய கட்டுரையில், சத்துக்குறைவும் மாதவிலக்கு திரும்புவதைத் தாமதப்படுத்துகிறது என்றார்கள். பட்டினியா, பால் கொடுப்பதா, எது பெரிய காரணம் என்று அதன்பின் பல வருஷம் வாதம் நடந்தது. பிள்ளை உறிஞ்சுவதுதான் பெரிய காரணம் என்ற பக்கம்தான் கடைசியில் தராசு சாய்ந்தது. எங்கள் கரிசல்காட்டில் இரண்டும் சேர்ந்தே இருந்தன என்பதால் எனக்கு அந்த வாதத்தில் பெரிய ஆர்வம் இல்லை.

காட்டு வேலை எப்படி நடந்தது என்று எங்கள் வயதுக்காரர்களுக்குத் தெரியும். நாற்பது நாள் கழிந்ததும் பச்சை உடம்புக்காரியும் பருத்தி எடுக்கப் போவாள். உடைமரத்தில் தூளி தொங்கும். ஒரு நிரை முடித்துத் திரும்பும்போது பிள்ளை அழுதால் மடியில் போட்டுக்கொண்டு உட்காருவாள். பகலில் ஏழெட்டு முறை. ராத்திரிக்குக் கணக்கே கிடையாது. கம்மங்கூழைக் குடித்துவிட்டு இரண்டு வருஷம் பால் கொடுத்தார்கள். அப்புறம் தீப்பெட்டி ஆபீஸ் வந்தது. (தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை; எங்கள் பக்கம் அது ஆபீஸ்தான்.) விடியுமுன் கம்பெனி பஸ் ஊருக்குள் வந்து ஆள் ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். பிள்ளை வீட்டில் ஆச்சியிடம். புட்டிப்பால், இல்லையென்றால் கஞ்சித் தண்ணி. வீட்டில் இருந்தபடி பெட்டி ஒட்டிய பெண்களுக்கு மட்டும் பழைய மாதிரி பால் கொடுக்க முடிந்தது.

1961-ல் வந்த மகப்பேறு சலுகைச் சட்டத்தில், பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் இரண்டு முறை பால் கொடுக்க இடைவேளை தர வேண்டும் என்று இருக்கிறது. பிள்ளை வீட்டில், தாய் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி. இடைவேளையை வைத்துக்கொண்டு என்ன செய்ய? என்னிடம் படித்த பிள்ளைகளின் அம்மாமாரில் பலருக்கு மூன்றாம் மாதமே மாதவிலக்கு திரும்பி, பிள்ளைக்கு ஒரு வயசு ஆகுமுன் அடுத்தது உண்டாகிவிட்டது. அவர்கள் வீட்டுப் பெரியவர்கள் அதைப் பெண்ணின் குணக்கேடு மாதிரிப் பேசியதை என் காதால் கேட்டிருக்கிறேன். பஸ் நேரம்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை.

இங்கே இளம் தாய்மாருக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். அம்மா காலத்துக் கதையைக் கேட்டுவிட்டு, பால் கொடுத்தால் உண்டாகாது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 1988-ல் இத்தாலியில் பெல்லாஜியோ என்ற ஊரில் உலக வல்லுநர்கள் கூடி மூன்று நிபந்தனை சொன்னார்கள். பிள்ளைக்கு 6 மாதத்துக்குள் இருக்க வேண்டும். தாய்ப்பால் மட்டுமே, அல்லது ஏறக்குறைய அது மட்டுமே கொடுக்க வேண்டும். மாதவிலக்கு திரும்பியிருக்கக் கூடாது. மூன்றும் இருந்தால்தான் 98 சதவீதம் பாதுகாப்பு. ஒன்று தவறினாலும் அந்தக் கணக்கு செல்லாது. மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். அதனால் ஒரு முறைகூட வராமலே உண்டாகிறவர்களும் உண்டு. எட்டு மாதம் ஆன என் மாணவிக்கு முதலில் சிறுநீர்ப் பரிசோதனை என்று சொன்னது இதற்காகத்தான்.

வராமல் இருப்பதெல்லாம் பால் கொடுப்பதால் அல்ல. இதை நான் எழுதியே ஆக வேண்டும், என் சித்திக்காக.

1960-களின் தொடக்கம். சித்திக்கு இரண்டாவது பேறுகாலம் வீட்டிலேயே நடந்தது. பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் ரத்தம் நிற்கவில்லை. விரித்திருந்த சாக்கு நனைந்து, மாற்றிய சாக்கும் நனைந்தது என்று அம்மா சொல்வார். வண்டி கட்டிக் கோவில்பட்டிக்குக் கொண்டுபோகலாமா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே விடிந்துவிட்டது, ரத்தமும் நின்றுவிட்டது. பிழைத்துக்கொண்டாள் என்று சொக்கப்பனை கொளுத்தாத குறையாகச் சந்தோஷப்பட்டார்கள்.

சித்திக்குப் பால் ஒரு சொட்டு ஊறவில்லை. காயம் கொடுத்தார்கள், பூண்டும் கருப்பட்டியும் கொடுத்தார்கள், பால்சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுத்தார்கள். ஊறவில்லை. பிள்ளை அடுத்த வீட்டுக்காரியின் பாலிலும் ஆட்டுப்பாலிலும் வளர்ந்தது. மாதவிலக்கும் வரவில்லை. ஒரு வருஷம், இரண்டு வருஷம், கடைசி வரைக்கும் வரவே இல்லை. அப்போது அவளுக்கு 24 வயசு. "உனக்கென்ன, துணி துவைக்கிற வேலை இல்ல" என்று கேலி பேசினார்கள். சித்திரை வெயிலில் போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள். முடி கொட்டியது. எந்நேரமும் தூக்கம், எந்த வேலையும் ஓடாது. சோம்பேறி என்ற பெயர் நிலைத்துவிட்டது. சித்தப்பா இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். நாற்பது தாண்டிய கொஞ்ச காலத்தில் ஒரு சாதாரணக் காய்ச்சல். இரண்டாம் நாளே போய்விட்டாள்.

ஓய்வு பெற்ற பின் ஒரு மருத்துவ மாணவியின் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பக்கத்தில் என் கை நின்றுவிட்டது. ஷீஹன் நோய். ஹரால்ட் ஷீஹன் என்ற மருத்துவர் கிளாஸ்கோவில் பிரசவ மருத்துவமனையில் வேலை பார்த்தவர், 1937-ல் எழுதியிருக்கிறார். கர்ப்ப காலத்தில் மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி பெரிதாகிறது, அதற்கு ரத்தம் கூடுதலாகத் தேவை. பிரசவத்தில் ரத்தம் கொட்டி நாடி விழுந்தால் அந்தச் சுரப்பி பட்டுப்போகும். பால் ஊறாது, மாதவிலக்கு திரும்பாது, தைராய்டு தூண்டுதல் இல்லாமல் குளிரும் சோர்வும் வரும், உடம்பு ஒரு காய்ச்சலைக்கூடத் தாங்க முடியாமல் போகும். அந்தப் பக்கத்தில் இருந்தது என் சித்தியின் வாழ்க்கை. நான் மருத்துவர் அல்ல, அவளைச் சோதித்துப் பார்த்தவர் யாரும் இல்லை; ஆனாலும் எனக்குச் சந்தேகமில்லை. குறைந்துபோன ஹார்மோன்களை மாத்திரையாகக் கொடுத்தால் இந்த நோய்க்காரர்கள் சாதாரணமாக வாழலாமாம். சித்தி சாகும்போது அந்த மாத்திரைகள் வந்து வெகுகாலம் ஆகியிருந்தது.

இது பழைய கதை என்று நினைக்க வேண்டாம். 2005-ல் காஷ்மீரில் நடந்த ஓர் ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்ட, பிள்ளை பெற்ற பெண்களில் 3 சதவீதம் பேருக்கு இது இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிரசவித்தவர்கள். இன்று தமிழ்நாட்டில் வீட்டுப் பிரசவம் அநேகமாக இல்லை என்பதால் நமக்கு அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் அறுபது எழுபது வயதில், எந்நேரமும் சுருண்டு படுத்திருக்கும் ஆச்சிமார் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார்கள். பிரசவத்தில் ரத்தம் கொட்டியதா, பால் ஊறியதா, அப்புறம் தூரம் வந்ததா? இந்த மூன்றையும் கேட்டுப் பாருங்கள்.

இனி ரத்தம் வராத கதையை விட்டு, நிற்காமல் வந்த கதைக்கு வருகிறேன்.

1965-ல் இந்திய அரசு லூப் திட்டத்தைக் கொண்டுவந்தது. இரட்டை எஸ் வடிவில் வளைந்த பிளாஸ்டிக். அமெரிக்காவில் லிப்பெஸ் என்ற மருத்துவர் வடிவமைத்தது. முதலிரண்டு ஆண்டுகளில் நாடு முழுக்க 15 லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களுக்கு வைத்தார்கள். மூன்றாம் ஆண்டே எண்ணிக்கை சரியத் தொடங்கியது. காரணம் ரத்தப்போக்கு. ஏற்கெனவே ரத்தசோகையில் இருந்த பெண்களுக்கு மாதம் ஏழு நாள், பத்து நாள் என்று போனது. இப்படி ஆகலாம் என்று முன்கூட்டிச் சொன்னவர்கள் குறைவு; ஆன பிறகு வந்து பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. எங்கள் தெருவில் "லூப் நெஞ்சுக்கு ஏறிரும்" என்று ஒரு பேச்சு ஓடியது நினைவிருக்கிறது. அதிகாரிகள் அதை வதந்தி என்றார்கள். நெஞ்சுக்கு ஏறும் என்பது வதந்திதான். ரத்தம் போனது வதந்தி இல்லை. பெண்கள் தங்களுக்கு நேர்ந்ததைச் சரியாகச் சொன்னார்கள், காரணத்தைத் தவறாகச் சொன்னார்கள். கேட்டவர்கள் இரண்டையும் சேர்த்தே தள்ளிவிட்டார்கள்.

அடுத்தது ஆபரேஷன். 1950-களின் பிற்பகுதியிலேயே கருத்தடை செய்துகொள்கிறவர்களுக்குச் சென்னை அரசு பணம் கொடுத்தது. அப்போது அதிகம் செய்துகொண்டவர்கள் ஆண்கள் என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். நெருக்கடி நிலையின்போது 1976-77 ஓர் ஆண்டில் மட்டும் நாட்டில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட கருத்தடைகள். அதிலும் பெரும்பகுதி ஆண்களுக்கு. வடக்கே நடந்த கட்டாயத்துக்குப் பின் ஆண்கள் மொத்தமாக விலகிக்கொண்டார்கள், சுமை பெண்கள் தலையில் இறங்கியது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை செய்துகொண்டவர்கள். ஆண்கள் ஒரு சதவீதம்கூட இல்லை.

எங்கள் ஊரில் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் ஒரே பேச்சுதான். "ஆபரேஷன் பண்ணுன பொறவுதான் எனக்கு அதிகமாப் போகுது." நானும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினேன். அமெரிக்காவில் கருத்தடை செய்துகொண்ட 9,500 பெண்களை, கணவர் கருத்தடை செய்துகொண்ட 570 பெண்களோடு ஒப்பிட்டுப் பல வருஷம் கவனித்தார்கள். 2000-ல் முடிவு வந்தது. கருக்குழாயைக் கட்டியதால் ரத்தப்போக்கு கூடுவதில்லை. சிலருக்கு நாட்கள் முன்னே பின்னே ஆனதே தவிர, நாட்களின் எண்ணிக்கையும் அளவும் குறையவே வாய்ப்பு அதிகம்.

அப்படியென்றால் நம் பெண்கள் பொய் சொல்கிறார்களா? இந்த இடத்தில்தான் எனக்கு அம்மாவின் விரல் கணக்கு மறுபடி நினைவுக்கு வந்தது.

அம்மாவுக்குப் பதினெட்டு வருஷத்தில் 40 முறை. இன்றைக்கு 21-ல் கல்யாணம், 22-லும் 24-லும் பிள்ளை, 25-ல் ஆபரேஷன் என்று இருக்கும் ஒருத்திக்கு, 25-லிருந்து 47 வரை 22 வருஷம் இடைவெளியே கிடையாது. மாதம் ஒன்று வைத்தாலும் 260-க்கு மேல். ஆப்பிரிக்காவில் மாலி நாட்டின் டோகோன் இனப் பெண்களிடம் பெவர்லி ஸ்ட்ராஸ்மன் என்ற ஆய்வாளர் எடுத்த கணக்கில், வாழ்நாள் முழுக்கச் சேர்த்தே சுமார் 100 முறைதான். மேலைநாட்டுப் பெண்ணுக்கு 400 வரை போகிறது. நம் பெண்கள் இரண்டே தலைமுறையில் டோகோன் கணக்கிலிருந்து மேலைநாட்டுக் கணக்குக்குத் தாவிவிட்டார்கள். சாப்பாடு மட்டும் தாவவில்லை. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இன்னும் ரத்தசோகைக்காரர்கள்.

கூட்டிப் பாருங்கள். கர்ப்பம், பால், கர்ப்பம், பால் என்று சில வருஷம் பெரும்பாலும் ரத்தமே பார்க்காதவள். ஆபரேஷனுக்குப் பிறகுதான் முதன்முறையாக மாதம் தவறாமல், ஓய்வில்லாமல் பார்க்கிறாள். முப்பதைத் தாண்டினால் கர்ப்பப்பைக் கட்டிகளும் வரும், பிரசவங்களில் விரிந்த கர்ப்பப்பைக்கு அளவும் கூடலாம். அவள் கண்ணுக்கு நடுவே நிற்கும் ஒரே எல்லைக்கல் ஆபரேஷன்தான். அதற்கு முன், அதற்குப் பின். வரலாற்றுக்காரர்களும் இதே தவறைச் செய்வதுண்டு, ஒரு யுத்தத்தின் தேதியை வைத்துக்கொண்டு அதற்குப் பின் நடந்த எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டுவது.

ஆனால் அதற்காக "அதெல்லாம் ஒண்ணுமில்ல, போங்க" என்று அனுப்புவது அதைவிடப் பெரிய தவறு. போகச் சொன்ன பெண் எங்கே போவாள்? தனியார் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். அங்கே "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தீர்ந்தது" என்கிறார்கள். 2015-16 தேசிய ஆய்வில்தான் முதன்முதலாக இதைக் கேட்டார்கள். கர்ப்பப்பை எடுத்ததாகச் சொன்னவர்களில் பலர் முப்பதுகளின் நடுவிலேயே எடுத்திருந்தார்கள். ஆந்திராவும் தெலங்கானாவும் முன்னணியில். சிலருக்கு அது தேவைதான். மருந்து, ஹார்மோன் வளையம் என்று நடுவில் உள்ள படிகளை ஒன்றுகூடக் காட்டாமல் கடைசிப் படியில் ஏற்றிவிடுவதைத்தான் சொல்கிறேன்.

நல்லதும் நடந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2011-ல் தமிழ்நாடு அரசு அறிவித்த புதுயுகம் திட்டத்தில் கிராமத்து வளரிளம் பெண்களுக்கு மட்டுமல்ல, அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்ற தாய்மாருக்கும் நாப்கின் உண்டு. பிரசவத்துக்குப் பின் வரும் உதிரத்தை ஓர் அரசாணை கணக்கில் எடுத்துக்கொண்டது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. எங்கள் காலத்தில் பழைய வேட்டித் துணிதான். கரிசல் பூமியின் தண்ணீர்ப் பஞ்சத்தில் அதை எப்படி அலசினோம், எங்கே மறைத்துக் காயப்போட்டோம் என்பதற்குத் தனிப் பதிவு வேண்டும். அந்த உதிரம் மாதவிலக்கு அல்ல. முதல் சில நாள் சிவப்பு, பிறகு பழுப்பு, பத்து நாளுக்குப் பின் வெளுத்துக்கொண்டே போய் நாலு முதல் ஆறு வாரத்தில் நிற்கும். நடுவே திடீரென்று சிவப்பாக, மணிக்கு ஒரு நாப்கின் நனையும்படி, கட்டி கட்டியாக வந்தால் "அழுக்கு வெளியேறுது, நல்லது" என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. உடனே 108.

இன்னொன்று. இப்போது பிரசவமான 48 மணி நேரத்துக்குள்ளேயே காப்பர்-டி வைக்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் முதல் சில மாதங்களுக்கு மாதவிலக்கு கூடுதலாகப் போகலாம் என்பதைச் சொல்லி, சம்மதம் கேட்டு வைக்க வேண்டும். "எனக்கு வச்சதே தெரியாது டீச்சர், மூணாம் மாசம் அதிகமாப் போகவும் ஸ்கேன் எடுத்தப்பதான் தெரிஞ்சது" என்று என்னிடம் சொன்ன பெண் இருக்கிறாள். எந்த ஆஸ்பத்திரி என்று நான் எழுதப்போவதில்லை. 1965-லிருந்து இத்தனை வருஷம் கழித்தும் அதே பாடத்தில் ஃபெயிலாகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

நேற்று என் மாணவி மறுபடி போன் செய்தாள். கரு இல்லை. பகலில் ஐந்தாறு முறை, ராத்திரி மூன்று முறை பால் கொடுக்கிறாள். அதனால் வராமல் இருக்கலாம், ஆனால் இனி அதையே பாதுகாப்பாக நம்பக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ரத்தம் 8.9தான் இருக்கிறது, இரும்புச்சத்து மாத்திரை. தைராய்டுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள்.

"மாமியாரும் கூட வந்தாங்க டீச்சர்" என்றாள். "நான் பேசி முடிச்சு எந்திரிக்கப் போனேன். அவங்க டாக்டரம்மாகிட்ட மெதுவா, 'எனக்கும் ஒண்ணு கேக்கணும்'னாங்க. அவங்களுக்கு இருபத்தஞ்சு வயசுல ஆபரேஷன். இப்ப நாப்பத்தஞ்சு. மூணு வருசமா மாசம் பன்னெண்டு நாள் போகுதாம். வீட்ல ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கே தெரியாது டீச்சர், ஒரே வீட்லதான இருக்கேன்."

அவருக்கு ரத்தம் 7.2. திங்கட்கிழமை கோவில்பட்டியில் ஸ்கேன். மருமகள்தான் கூடப் போகிறாள்.